வெட்டாமல் விட்ட வடிகட்டி

புத்தளத்துக்குப் பக்கத்துப் பாலாவியில் பள்ளிக்கூடச் சீருடை தைப்பதென்றால் கமீலாவிடம் போ என்பார்கள். தவணை தொடங்குமுன் அவள் வீட்டு முன்னறையில் வெள்ளைத் துணி மலையாகக் குவிந்துவிடும். அந்த அறைக்கு நல்ல பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. ஆனால் கோடை வெயிலில் அறை அடுப்பாகக் கொதித்தாலும் கமீலா அதைத் திறப்பதில்லை.

காரணம், அடுத்த வளவில் நின்ற லொறி. அது லத்தீப்புடையது. உப்பு ஏற்றுவதுதான் அவர் தொழில். விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் லொறியை முடுக்கிவிட்டு, எஞ்சின் சூடேறட்டும் என்று அதை உறுமவிட்டு, உள்ளே போய் ஆறுதலாகத் தேநீர் குடிப்பார். கறுத்த புகை வேலியைத் தாண்டி வரும். வெள்ளைத் துணியில் பொட்டுப் பொட்டாகக் கரி விழும். அதைத் திரும்பவும் கழுவிக்கொள்ளலாம். கமீலாவின் நெஞ்சை என்ன செய்வது? அவளுக்கு முட்டு வருத்தம். புகை பட்டால் மூச்சு விசிலடிக்கத் தொடங்கிவிடும்.

இத்தனை வருடத்தில் அவள் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை என்பதுதான் சரி. தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து இறங்கிய குடும்பம் அவளுடையது. அப்போது அவள் சிறு பெண். லத்தீப்பின் வாப்பாதான் தன் வளவில் ஒரு பக்கத்தைக் காட்டி, "இதில கொட்டில் போடுங்க" என்றார். பிறகு அந்தத் துண்டை அவர்கள் பெயருக்கே எழுதியும் கொடுத்தார். கூரைக்குக் கிடுகு கட்டியதும் தண்ணீர் சுமந்ததும் அப்போது வாலிபனாயிருந்த லத்தீப். "இந்த வீட்டு ஆக்களுக்கு எதிரா ஒரு சொல்லும் சொல்லப்படாது" என்று கமீலாவின் வாப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதோடு, அவளுக்கு முட்டு கடுமையான போதெல்லாம் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதே லொறிதான். அந்த லொறியைப் பற்றி என்ன முறைப்பாடு சொல்வது?

போன வருடம் பழைய லொறி இனித் திருத்த ஆகாது என்ற நிலைக்கு வந்தது. லத்தீப் அதை விற்றுவிட்டு, ஜப்பானில் ஓடிய லொறி ஒன்றை வாங்கிவந்தார். சில நாட்களில் கமீலா ஒன்றைக் கவனித்தாள். எஞ்சின் உறுமுகிறது, ஆனால் துணியில் கரி இல்லை. பயந்து பயந்து ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தாள். பிறகு பாதி. பிறகு முழுவதும். உப்புக்காற்று அறைக்குள் வந்தது. ஏன் இப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு தைத்தாள்.

ஒரு பின்னேரம் லொறி இழுக்கமாட்டாமல் முனகிக்கொண்டு வளவுக்குள் வந்தது. மெக்கானிக் கில்பட்டைக் கூப்பிட்டிருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்ததால் பேச்சு அப்படியே கேட்டது.

"நானா, இதில புகைக்குழாய்க்குள்ள ஒரு வடிகட்டி இரிக்கி. புகையில வார கரிய அதுதான் புடிக்கிது. நீங்க அடிக்கிற டீசல்ல கந்தகம் கூட. அதுதான் இப்பிடி அடைச்சிப்போட்டிரிக்கி. கந்தகம் குறைஞ்ச சுப்பர் டீசல் அடிச்சா கரைச்சலில்ல."

"அது விலை கூடத்தானே?"

"ஓம். இல்லாட்டி வடிகட்டிய வெட்டி எறிஞ்சிட்டு வெறுங்குழாய் வைக்கலாம். கனபேர் அப்பிடித்தான் செய்றாங்க. பழையபடி புகை வரும், அவ்வளவுதான்."

"புகை வந்தா வரட்டும். வெட்டிப் போடு."

கமீலாவின் கால் மெஷின் மிதியில் அப்படியே நின்றது. இத்தனை நாளும் தனக்கு மூச்சுத் தந்தது எது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்த கையோடு அது போகப்போகிறது. வாப்பாவின் சொல் நினைவுக்கு வந்தது. ஆனாலும் எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேலிக் கடப்பைச் சுற்றி அடுத்த வளவுக்குப் போனாள்.

"நானா, அத வெட்டாதீங்க."

லத்தீப் திரும்பிப் பார்த்தார். "எத தங்கச்சி?"

"அந்த வடிகட்டிய. அது வந்த பொறகுதான் எனக்கு ஒழுங்கா மூச்சு வருது."

லத்தீப் புகைக்குழாயை ஒருதரம் பார்த்தார். "அப்ப அந்தப் பழைய லொறி?" என்று மெல்லக் கேட்டார். "அதுட புகை பட்டாத்தான் முட்டு வாற" என்று கமீலா நிலத்தைப் பார்த்துச் சொன்னாள். அவர் மனைவி ஜுனைதா குசினி வாசலிலிருந்து ஓடிவந்தாள்.

"அதுக்கா புள்ள எந்நேரமும் ஜன்னலச் சாத்தி வச்சிருந்த? நான் தூசிக்கெண்டுல்லோ நெனச்சேன்! ஏன் ஒரு சொல்லுச் சொல்லல்ல?"

"எப்பிடி மச்சி சொல்ற? நாங்க இரிக்கிற மண்ணே நீங்க தந்தது."

லத்தீப்பின் முகம் சிவந்தது. கோபமோ என்று கமீலா பயந்தாள்.

"வாப்பா மண்ணத் தந்தது நீங்க நல்லா வாழ" என்றார் அவர். "மூச்சடைச்சிக் கெடக்கவா தந்தாரு?" பிறகு கில்பட்டைப் பார்த்து, "அதக் கழுவித் துப்புரவாக்கிப் பூட்டு. வெட்ட வேணாம்" என்றார்.

லத்தீப் அதற்காக மகான், அவ்லியா என்று ஆகிவிடவில்லை. பெற்றோல் செட்டுக்குப் போகும்போதெல்லாம் விலையைப் பார்த்து முணுமுணுக்கத்தான் செய்கிறார். "தங்கச்சிட டீசல் நிரப்பு" என்று பம்ப் அடிக்கிறவனிடம் சொல்லிச் சிரிப்பதாகவும் கேள்வி. பாலாவிச் செட்டில் சுப்பர் டீசல் முடிந்திருந்தால் புத்தளம்வரை போய் அடிக்கிறார்.

பெருந்தெருவில் மற்ற லொறிகள் புகை கக்கிக்கொண்டுதான் போகின்றன. கமீலாவுக்கு முட்டு முழுவதாக விடவில்லை. இன்ஹேலர் மேசை லாச்சியில் கிடக்கிறது, எடுப்பதுதான் குறைந்துவிட்டது. சுப்பர் டீசலில் கந்தகம் இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் போட்டுத்தான் இதெல்லாம் நடக்கிறதென்று கில்பட் அவளுக்கு விளங்கப்படுத்தியிருந்தான். தொழுது முடித்து துஆ கேட்கும்போது லத்தீப்பின் வாப்பாவுக்காகக் கேட்பது அவள் வழக்கம். இப்போது அந்தச் சட்டத்தை எழுதிய, ஊரும் பேரும் தெரியாத ஆட்களுக்காகவும் கேட்கிறாள்.

போன கிழமை ஜுனைதாவின் கோழிகள் வேலிக்குள்ளால் நுழைந்து கமீலாவின் மிளகாய்க் கன்றுகளைக் கிளறிப்போட்டன. கமீலா ஜன்னலால் தலையை நீட்டி, அடுத்த வளவு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"மச்சி! உங்கட கோழியக் கட்டி வைங்க! இல்லாட்டி இரவைக்கு எங்கட சட்டியிலதான்!"

"வாறன், வாறன்" என்று ஜுனைதா சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள்.