சீமெந்துப் பையில் எழுதிய பட்டியல்

குண்டசாலையில் இருபத்திரண்டு வீடு. வத்தேகமை சந்தைக்குப் பின்னால் ஒரு மூன்று மாடி. எந்த மழைக்கும் வயிறு தள்ளாத அணைச்சுவர்கள் எத்தனையோ. எல்லாம் நான் கட்டியவை. மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். முடியாது என்று படித்தவர்கள் கைவிட்ட சரிவிலும் கட்டியிருக்கிறேன். இன்னொன்றையும் கட்டினேன், அதில்தான் என் பெயர் இல்லை.

காலையில் வட்ஸ்அப்பில் வந்தது. 'கணிதம் கற்போருக்கான தொழில்கள்.' தன் பழைய பாடசாலைப் பிள்ளைகளுக்காக என் மகள் எழுதிய துண்டுப்பிரசுரம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நில அளவை, வானிலை, வங்கி, புள்ளிவிபரம், காப்புறுதி என்று எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே போனேன். கடைசி வரி: 'வழிகாட்டிய மாமாவுக்கு நன்றி.'

மாமா என்றால் என் மச்சான், மாநகர சபைக் கிளாக்கர்.

ஃபோனில் வந்த பட்டியலுக்கு மணமில்லை. பல வருடங்களுக்கு முன் நான் எழுதியதற்குச் சீமெந்து மணம் இருந்தது. அப்போது சீமெந்து தடித்த காகிதப் பையில் வரும். உயர்தரப் பரீட்சையில் மகள் பொறியியலுக்கான வெட்டுப்புள்ளியை எட்டவில்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்ப மச்சான் வந்து உட்கார்ந்தான்.

"வெறுங் கணக்குப் படிச்சா டீச்சர் வேலதான் மச்சான். முகாமைத்துவம்னு போடுவோம்."

"டீச்சர் வேலைக்கு என்ன கொறச்சல்? ஆனா அது ஒண்ணுதானான்னு எனக்குத் தெரியணும். பேனாவ மூடு. ஒரு வாரம் பொறு."

மேசன் வேலைத் தலைவனை எங்கள் பக்கம் பாஸ் என்பார்கள். பத்து மணித் தேத்தண்ணியை வீட்டுக்காரரே கொண்டுவந்து கொடுத்து, பாஸ் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பார். அது மரியாதை. கோப்பை காலியாவதற்குள் நான் கேட்டுவிடுவேன், கணக்குப் படித்தவர்கள் உங்கள் கந்தோரில் என்ன செய்கிறார்கள் என்று. முன்பு கட்டிய வீடுகளுக்கும் போய், ஓடு சரிதானா என்று பார்க்கிற சாக்கில் கேட்டேன். இன்று பிரசுரத்தில் இருக்கிற அத்தனையையும் அன்றே தச்சுப் பென்சிலால் சீமெந்துப் பையில் எழுதினேன்.

காப்புறுதிக் கம்பனி ஹாஜியார் சொன்னார்: "மனிசன் எத்தின வயசில மௌத்தாகுவான்னு கணக்குப் போடவே ஆள் ஈக்கிறாங்க, பாஸ். எங்களுக்குத்தான் ஆள் பத்தாது."

நான் அதைச் சோதிடம் என்று நினைத்துவிட்டேன். 'காப்புறுதி: சாகிற வயதுக் கணக்கு, ஜாதகம்' என்று எழுதி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அந்த வரியையே பார்த்தாள்.

"அப்பா, இது நிகழ்தகவு! எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம்."

மச்சானிடம் பேனாவைக் கொடுத்து, "கணிதம்னு எழுது, மொதல்ல" என்றேன். எழுதினான். கையெழுத்து அழகு, மறுக்கவில்லை. இன்று அவள் கொழும்பில் அந்த 'ஜாதகம்'தான் பார்க்கிறாள்.

பிரசுரத்தை வாசித்ததும் மகளுக்கு அழைப்பு எடுத்தேன். "மாமாவுக்கு எடமிருக்கு, எனக்கு இல்லயா?"

"ஐயோ அப்பா, ஃபோர்ம் நெரப்புனது மாமாதானே. சீமெந்துப் பை கதையச் சொன்னா பிள்ளைங்க சிரிக்கும்."

"நீயுந்தான் சிரிச்ச. அப்புறம் அதத்தானே படிச்ச?"

காட்ட அந்தப் பை இல்லை. ஊருக்கெல்லாம் கூரை போட்ட என் வீட்டில் ஒழுக்கு. ஒரு மழையில் பை கரைந்துவிட்டது. இப்போது சீமெந்து பிளாஸ்டிக் பையில் வருகிறது, பென்சில் ஏறாது. தேத்தண்ணியும் கடையிலிருந்து வருகிறது. பக்கத்தில் நிற்க யாருமில்லை, கேட்கவும் முடியாது.

மகளே, மாமாவை வெட்டாதே. அவனுக்கு மேலே ஒரு வரி போடு: 'இந்தப் பட்டியலை வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்தவர் என் அப்பா, மேசன் பாஸ்.' வெள்ளிக்கிழமைக்கு முன்னால் போடு. பாஸ் என்பதை விட்டுவிடாதே.