ஸரீஃபா பூசிய சுண்ணாம்பு

ஸரீஃபாவை எங்கள் சந்தில் எல்லோரும் உம் ரஷாத் என்றுதான் கூப்பிடுவார்கள். ரஷாதின் அம்மா. துருக்கியர் காலத்துப் போருக்குப் பிடித்துக்கொண்டு போன ரஷாத் திரும்பி வரவில்லை. பெயர் மட்டும் அவளிடம் தங்கிவிட்டது.

பெண்கள் குளியல் கூடத்தில் உடம்பு தேய்த்துவிடுவது அவள் வேலை. ஜெருசலேமின் மூன்று மதத்துப் பெண்களும் அவள் முன்னால் கல்மேடையில் குப்புறப் படுத்திருக்கிறார்கள். எந்த வீட்டு மருமகளின் முதுகில் தழும்பு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. படுத்திருப்பவள் மற்ற மதத்தாரைப் பற்றி வாயைத் திறந்தால் மட்டும் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் தலையில் விழும். "கை தவறிடுச்சு தாயி" என்பாள். என் மனைவியின் தலையிலும் ஒரு தடவை விழுந்திருக்கிறது.

நான் அவளுக்கு எதிர்வீடு. பாலாடைக்கட்டி விற்கிறேன். கிறிஸ்தவன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவன். இதை எழுதுவதற்குக் காரணம், அவளைக் கலகக்காரி என்று இன்றைக்கும் சிலர் சொல்லித் திரிவதுதான்.

அவள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஹபஷி நாட்டு, அதாவது எத்தியோப்பியத் துறவிப் பெண்கள் இருக்கும் சின்ன மடம். கடைசி அறை எம்மஹோய் அஸ்காலேயினுடையது. எம்மஹோய் என்றால் அவர்கள் பாஷையில் துறவியம்மா. இளம் வயதில் கால்நடையாக யாத்திரை வந்தவர், ஊர் திரும்பவில்லை. ஸரீஃபா வீட்டுக் கூரைக் கும்மட்டமும் அவர் அறைக் கும்மட்டமும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு மழைநீர் வாய்க்கால். துணி காயப்போட ஏறும்போது இருவரும் பேசிக்கொள்வது எங்கள் வீட்டுக்குக் கேட்கும்.

"இன்னிக்கும் நோன்பா?"

"இன்னிக்கும்."

"எனக்கு வருஷத்துல ஒரு மாசம். பொழுது சாஞ்சா மூக்குப் பிடிக்கத் தின்னுடுவேன். நீ வருஷம் பூரா கெடக்கிற. உங்க ஆண்டவருக்கு உன்மேல அப்படி என்ன கோவம்?"

எம்மஹோய் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். "கோவம் இல்ல. நான் நெறைய தின்னுடுவேன்னு பயம்."

பூகம்பம் வந்த ஆண்டில் எம்மஹோயின் கும்மட்டத்தில் விரிசல் விட்டது. அந்தக் குளிர்காலத்திலேயே ஒழுக ஆரம்பித்தது.

வேறு ஊராக இருந்தால் ஒரு கொத்தனார் அரை நாளில் முடித்திருப்பார். இது எங்கள் ஊர். இங்கே புனித இடங்களில் எதை யார் பழுதுபார்க்கிறாரோ அது அவருடையது. படியைப் பெருக்குகிறவருக்குப் படி சொந்தம். ஆணி அடித்தவருக்குச் சுவர் சொந்தம். சபைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் இருக்க, இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று சுல்தான் போட்ட உத்தரவு. பிறகு வந்த ஆங்கிலேயர்களும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அமைதிக்காகத்தான். மண்டை உடைவது குறைந்தது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த மடம் வழக்கில் இருந்தது. கீழ்முற்றத்தில் இருக்கும் இன்னொரு கிறிஸ்தவ சபை, அறைகள் தங்களுடையவை, ஹபஷிகள் விருந்தாளிகள் என்றது. விருந்தாளிகள் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறார்கள். ஹபஷிகள் கூரையைப் பூச அனுமதி கேட்டார்கள், கீழ்முற்றத்தார் தடுத்தார்கள். நாங்களே பூசித் தருகிறோம் என்றார்கள் கீழ்முற்றத்தார், ஹபஷிகள் அலறினார்கள். பூசிவிட்டால் அறை போய்விடும். அரசு இரண்டு மனுவையும் வாங்கி வைத்துக்கொண்டது. ஒழுகல் இருந்தபடியே இருந்தது.

எம்மஹோய் இருமத் தொடங்கினார். மருத்துவமனைக்குப் போகவும் வழியில்லை. அறை ஒரு இரவு காலியாகக் கிடந்தால் கீழ்முற்றத்தார் பூட்டுப் போட்டுவிடுவார்கள் என்று மடத்துத் தலைவருக்குப் பயம். அந்தப் பயத்தில் பொய் இல்லை. பக்கத்து அறை அப்படித்தான் போனது.

"எங்கூட வந்து படு. சுவருக்கு இந்தப் பக்கம்தான" என்றாள் ஸரீஃபா.

"முடியாது உம் ரஷாத். நான் படுத்திருந்தாத்தான் அது எங்க அறை."

"அப்ப நீ துறவியா, பூட்டா?"

அடுத்த இலையுதிர்காலத்தில் ஸரீஃபா தன் கூரையைப் பூசினாள். மழைக்கு முன்னால் எல்லா வீட்டிலும் செய்வதுதான். சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல், இடித்த பானை ஓடு, மூன்றையும் குழைத்து ஏறினாள். பட்டப்பகல். தன் கும்மட்டத்தை முடித்துவிட்டு, வாய்க்காலைத் தாண்டி ஒரு காலை ஊன்றி, எம்மஹோயின் விரிசலையும் பூசி மெழுகினாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உம் ரஷாத், என்ன பண்றீங்க?"

"கண்ணு தெரியலையா உனக்கு? பூசறேன்."

தான் முஸ்லிம், இரண்டு சபைக்கும் வேண்டாதவள், அதனால் தன் கை பட்டால் யாருக்கும் எதுவும் சொந்தமாகாது என்று அவள் நினைத்தாள். எங்கள் ஊரில் வாழ்நாள் முழுக்க இருந்துவிட்டு அப்படி நினைத்தாள்.

மறுநாள் சந்து நிரம்பிவிட்டது. கீழ்முற்றத்துத் துறவி ஒருவர், மடத்துத் தலைவர், போலீஸ்காரர்கள், ஒரு இளம் ஆங்கில அதிகாரி, அவருடைய மொழிபெயர்ப்பாளர். போதாததற்கு, முஸ்லிம்களின் வக்ஃப் சொத்துகளைப் பார்த்துக்கொள்கிறவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர். அவர் முகத்தில்தான் மகிழ்ச்சி.

மடத்துத் தலைவர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "மகளே, எம்மஹோய் சொல்லித்தான் பூசினேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. எங்க அறை நிலைச்சிடும்."

கீழ்முற்றத்துத் துறவி அந்தப் பக்கமாக வந்தார். "அம்மா, நாங்க அனுப்பின ஆளுன்னு சொல்லுங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

வக்ஃப்காரர் ஒளித்துப் பேசவில்லை. "அக்கா, நம்ம பெண் பூசின கூரை நம்ம கூரை. உங்க அப்பா காலத்துலேருந்து நாங்கதான் பூசறோம்னு சொல்லுங்க. ரெண்டு பேரும் வெளிய போகட்டும்."

"எங்கப்பா கழுதை மேய்ச்சாரு" என்றாள் ஸரீஃபா. "அவர் எந்தக் கூரையில ஏறினாரு?"

அதிகாரி கேட்டார், மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "யாருக்காகப் பூசினீங்கன்னு தொரை கேக்கறாரு."

"ஒழுகிச்சு."

"அது இல்ல. யாரு சார்பா?"

"தண்ணி உள்ள வந்துச்சு. அந்தப் பொம்பள நனஞ்சா. பூசினேன். இதுல சார்பு எங்கருந்து வந்துச்சு?"

"அப்படி எழுத முடியாதுங்கறாரு."

"எழுத முடியலன்னா ராத்திரி வந்து அவ கட்டில்ல படுக்கச் சொல்லு. அப்பறம் எழுத வரும்."

மொழிபெயர்ப்பாளர் இதை எப்படிச் சொன்னாரோ, அதிகாரியின் காது சிவந்தது. அவர் கெட்டவர் இல்லை. அறைக்குள் குனிந்து போய், எம்மஹோயின் இருமலைக் கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார். வந்து, பழைய நிலை திரும்ப வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். பூச்சை எடுத்துவிட வேண்டும். பூசியவளே எடுக்க வேண்டும்.

மடத்துத் தலைவர் தலையாட்டினார். கீழ்முற்றத்துத் துறவி தலையாட்டினார். வக்ஃப்காரரும் தலையாட்டினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இந்த மூன்று பேரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"என் கையால எடுக்க மாட்டேன்" என்றாள் ஸரீஃபா. "எடுக்கறவன் எடுத்துக்கோ."

வேறு ஊரிலிருந்து ஒரு கொத்தனாரைக் கொண்டுவந்தார்கள். உள்ளூர்க்காரர் யாரும் ஏறத் தயாராக இல்லை. அவர் உளியால் கொத்தினார். அவள் பூச்சு இறுகிக் கல்லாகியிருந்தது. பூச்சோடு பழைய கல்லும் பெயர்ந்து வந்தது. விரல் நுழையும் விரிசல் கை நுழையும் அளவுக்கு அகன்றது. அகன்றதைச் சரிசெய்ய யாருக்கும் அதிகாரமில்லை. பழைய நிலை திரும்பிவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஸரீஃபா மழை வரும்போதெல்லாம் அந்த அறைக்குப் போய்விடுவாள். கட்டிலுக்கு மேலே ஒரு மெழுகுத்துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆணியில் கட்டினால் குற்றம். கையால் பிடித்தால் குற்றமில்லை. அதைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. குளியல் கூடத்துக்கு வரும் யூதப் பெண் ஒருத்தியும் என் மனைவியும் முறை மாற்றி நின்றார்கள். தோள் கடுத்துப்போய் வீட்டுக்கு வந்த என் மனைவி, அந்தச் சபைகளின் ஆண்களைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

மழை விட்ட ஒரு காலையில் எம்மஹோய் இறந்தார்.

நாங்கள் போனபோது உடல் இன்னும் கட்டிலில்தான் இருந்தது. கீழ்முற்றத்துத் துறவிகள் இருவர் வாசலுக்கு எதிரே ஜெபமாலையோடு நின்றார்கள். அழுவதற்கு வந்தவர்கள் இல்லை. உடல் வெளியே போய் அறை காலியாகும் நேரத்துக்குக் காத்திருந்தார்கள். மடத்துத் தலைவரும் அதை அறிந்தவர். ஒரு இளம் துறவிப் பெண்ணைத் துணி மூட்டையோடு உள்ளே அனுப்பி, அவள் தரையில் உட்கார்ந்த பிறகுதான் உடலைத் தூக்கச் சொன்னார். எம்மஹோயின் கால் வாசலைத் தாண்டுவதற்குள், அந்தப் பெண் எழுந்து கட்டிலில் படுக்கவேண்டியிருந்தது. போர்வை இன்னும் ஈரம். அவள் கண்ணை மூடிக்கொண்டு படுத்தாள்.

ஸரீஃபா சவத்தின் பின்னால் போகவில்லை. உள்ளே போனாள். மடத்துத் தலைவர் குறுக்கே கையை நீட்டினார்.

"வழிய விடுங்க சாமி. எதையும் பூச வரல."

அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு எழுப்பினாள். பெண்ணுக்குப் பாஷை தெரியவில்லை, மிரண்டு பார்த்தாள். ஸரீஃபா மேலே விரிசலைக் காட்டினாள். பிறகு கட்டிலின் தலைமாட்டைப் பிடித்து, கல்தரை கிறீச்சிட, மறுபக்கம் திருப்பிப் போட்டாள்.

"இந்தப் பக்கம் தல வச்சிக்கோ" என்றாள். "அங்க ஒழுகும்."