பின்சீட் பார்த்து வாங்கிய பைக்

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவன் முதலில் எஞ்சினைப் பார்ப்பான். நான் பதிவுச் சான்றிதழைப் பார்ப்பேன். பிரதேச செயலகத்தில் வாகன அனுமதிப்பத்திரங்களோடு காலம் கழித்து ஓய்வுபெற்ற ஒருவனிடம் வேறெதை எதிர்பார்க்க முடியும்? எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் சான்றிதழில் உள்ளபடி இருக்கின்றனவா, லீசிங் கம்பனியின் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா, கையெழுத்து வைத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பவைதான் என் கேள்விகள். எங்கள் பக்கத்தில் ஏராளமான பைக்குகள் ‘ஓப்பன் பேப்பரில்’ ஓடுகின்றன. முதல் சொந்தக்காரன் திகதி போடாமல் ஒப்பமிட்டுக் கொடுத்த பத்திரம் கைமாறிக் கைமாறி, கடைசியில் பைக் யாருடையது என்று பைக்குக்கே தெரியாமல் போய்விடும். அப்படியான ஒன்றை நான் தொடமாட்டேன்.

என் மனைவி பார்த்தது பின்சீட்டை மட்டும்.

“நான் பேப்பர்லயா இரிக்கப் போறன்? சீட்டிலதானே” என்பாள்.

எங்களிடம் இருந்தது நூறு சீசீ பைக். கல்முனைக்கு அது தாராளம். கல்முனையில் மேடு என்று ஒன்று இருந்தால் அது வேகத்தடைதான். ஆனால் அவளுக்கு மலை பார்க்க வேண்டும். வாடகைக்கு வான் பிடித்துக் கூட்டிப் போகிறேன் என்றால் வேண்டாம் என்பாள். வானுக்குள் பத்துப் பேரின் கதையைக் கேட்டுக்கொண்டு போக வேண்டுமாம். ஒரு தடவை பொத்துவில், மொனராகலை என்று மலையூரான எல்ல நோக்கிப் போனோம். வெல்லவாயவைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் பைக் முனகியது. முதல் கியரிலும் இரண்டு பேரை இழுக்க மறுத்தது. அவள் இறங்கி நடந்தாள். நான் ஒவ்வொரு வளைவிலும் போய்க் காத்து நின்றேன். அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

“ஒங்கட பைக்குக்கு நான்தான் மேடு” என்றாள்.

பாதியில் திரும்பினோம். பென்சன் வந்ததும் பெரிய பைக்காக மாற்றுவது என்பது அந்த இறக்கத்தில் முடிவானது.

அவள் பைக்கில் இருக்கும் முறையைச் சொல்ல வேண்டும். ஊருக்குள் ஒரு பக்கமாகத்தான் இருப்பாள். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எல்லா ஊரிலும் எங்களுக்குச் சொந்தக்காரர் உண்டு. சொந்தக்காரருக்குக் கண்ணும் உண்டு. திருக்கோவில் ஊரும் தாண்டி, வீடுகள் குறைந்து, ஒரு சிறிய பாலம் வரும். அங்கே என் தோளில் ஒரு தட்டு: நில்லுங்க. இறங்குவாள், இரண்டு பக்கமும் பார்ப்பாள், பிறகு இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறி இருப்பாள். இரண்டு தட்டு: போங்க. திரும்பி வரும்போதும் அதே பாலத்தில் இறங்கி, அடக்க ஒடுக்கமான பெண்ணாக ஊருக்குள் வருவாள்.

பென்சன் வந்தபோது நாட்டில் வாகன இறக்குமதி நின்றிருந்தது. பழைய பைக்குகளெல்லாம் விலை ஏறி, புது மாப்பிள்ளைகளைப் போல நடந்துகொண்டன. அறுகம்பேயில் விடுதி நடத்தும் ஒருவனிடம் ஒன்று பார்த்தோம். இழுவை பிரமாதம், பத்திரங்களும் சுத்தம். பின்சீட் மட்டும் கொக்கு நிற்கும் கிளை போல உயரத்தில் ஒடுங்கி நின்றது. அவள் பக்கத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். “ஏறலாம். இறங்கிறதுக்கு ஃபயர் பிரிகேட்டக் கூப்பிடணும்” என்றாள். அவ்வளவுதான், அது முடிந்தது.

நாவிதன்வெளியில் வேளாண்மை செய்யும் ஒருவரின் மகனிடம் இன்னொன்று இருந்தது. இருநூற்றைம்பது சீசீ. வயதான பைக்தான், ஆனால் பின்சீட் அகலம். முதுகுக்குச் சாய்மானம், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. நெல் மூடைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த அந்தப் பைக்கில் ஏறி இருந்தவள் இறங்கவே இல்லை. நான் செசி இலக்கத்தைத் துடைத்துத் துடைத்துப் படித்துக்கொண்டிருக்க, வீட்டுக்காரரின் மனைவி தேநீரைச் சீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். “அம்மாவுக்கு இதுதான் எண்டு எழுதிப் போட்டிரிக்கு” என்றார் வீட்டுக்காரர். ஆனால் மகன் கடைசி நேரத்தில் மனம் மாறிவிட்டான். “பொறுப்பம். அவன் வெளிநாடு போற முகம்” என்றாள் என் மனைவி.

அவன் போவதற்கு முன் அவள் போய்விட்டாள். அதிகாலை சுபஹுத் தொழுது எழுந்தவள் நெஞ்சு நோகுது என்றாள். மதியம் ளுஹர் பாங்கு சொல்லும்போது ஆள் இல்லை. பின்னேரம் அஸருக்கு அடக்கினோம்.

மரணப் பதிவு, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு என எல்லாவற்றையும் நானே செய்தேன். ஒரு பத்திரமும் பிழையென்று திரும்பி வரவில்லை. ஊரில் மௌத்தானால் என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வேலை. கை தானாகச் செய்தது.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே வீடு பெண்ணுக்கு. நான் பிறந்த வீடு என் தங்கைக்குப் போனது. கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்கு வந்தேன். மகளுக்குக் கலியாணம் ஆனபோது அந்த வீட்டை அவளுக்கு எழுதிவிட்டு நாங்கள் பின்னறைக்கு மாறினோம். வீட்டு உறுதிப் பத்திரத்தை வரிக்கு வரி சரிபார்த்தவன் நான்தான். மனைவி இருக்கும்வரை அது என் வீடாகத்தான் தெரிந்தது. அவள் போன பிறகு எல்லோரும் என்னிடம் மரியாதையாக நடக்கத் தொடங்கினார்கள். நான் கூடத்துக்கு வந்தால் மருமகன் டீவியின் சத்தத்தைக் குறைப்பார். “இண்டைக்கி என்ன ஆக்கட்டும் வாப்பா?” என்று மகள் கேட்பாள். இப்படி விருந்தாளியிடம்தான் கேட்பார்கள்.

அந்த நாட்களில்தான் நாவிதன்வெளியிலிருந்து அழைப்பு வந்தது. “ஐயா, மகன் கட்டாருக்குப் போயிட்டான். பைக் சும்மா நிக்குது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க.”

சரி என்று மட்டும் சொன்னேன். தனியாகப் போனேன். அவர் என்னைத் தாண்டி வாசல் படலையைப் பார்த்தார்.

“அம்மா வரல்லையா?”

“மௌத்தாகிட்டா.”

பைக்கை மூடியிருந்த படங்கை இழுத்துக்கொண்டிருந்த கை நின்றது. பாதி வெளியே தெரிந்தது, பின் பாதி.

“அப்ப… வேணாமா ஐயா?”

“பதிவுச் சான்றிதழ எடுங்க” என்றேன்.

ஏன் வாங்கினேன் என்று பிறகு பலர் கேட்டார்கள். வீடில்லாத ஆளுக்குப் பெரிய பைக் வசதி என்று சிரிக்கச் சொல்லிவைத்தேன். அவள் பார்க்காத மலையை நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து யாருக்குச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் எல்ல ஏற்றத்தை ஒரு தடவையாவது நிற்காமல் ஏறிவிட வேண்டும் என்றிருந்தது.

சவாரிக்கு முன் எங்கள் தெரு முனையில் உள்ள பாஸிடம் பைக்கைக் கொடுத்தேன். மெக்கானிக்கை நாங்கள் பாஸ் என்போம். எண்ணெய் மாற்றினார், சங்கிலி மாற்றினார், பின்சக்கரத்துச் சுருள்வில்லின் பக்கத்தில் குந்தினார்.

“சேர், இத பாரத்துக்கு ஏத்த மாதிரி வைக்கணும். தனியவா ஓடுவீங்க, ரெண்டு பேரா?”

“ரெண்டு பேர்” என்றேன்.

யோசிக்கவில்லை. எத்தனையோ வருசமாக அந்தக் கேள்விக்கு அதுதான் விடை. பாஸ் தலையைத் தூக்கிப் பார்த்தார். அடக்கத்துக்கு என் மனைவியின் சந்தூக்கைத் தோளில் சுமந்தவர் அவர். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. “மாஷா அல்லாஹ்” என்று சொல்லிவிட்டு வில்லை இறுக்கினார். பைக் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இரண்டு நாளில் மனைவியின் தம்பி பிஸ்கட் பெட்டியோடு வந்து சேர்ந்தார்.

“மச்சான், எங்களுக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிரிக்கலாம்.”

“எத?”

“மறுகலியாணம் எண்டு ஊரே கதைக்கிது. ஆளு யாரெண்டு மட்டும் தெரியா. குறையாச் சொல்ல வரல்ல, ஆம்புளைக்கி ஒரு ஊடு வேணும்தானே. ஆனா நம்மட சம்மாந்துறையில ஒரு டீச்சர் இரிக்கா. புருசன் மௌத்து. புள்ளையள் எல்லாம் வெளிய. மேல்மாடி ஊடு. பைக்க உள்ளுக்கு உட கேற்றும் பெரிசா இரிக்கி.”

“அவ பின்னுக்கு இருந்து எல்ல வரைக்கும் வருவாவா?”

அவர் உண்மையாகவே யோசித்தார். “கேட்டுப் பாப்பம்.”

நான் சிரித்துவிட்டேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, பிஸ்கட்டில் நாலைத் தானே தின்றுவிட்டுப் போனார்.

அவர் படலையைத் தாண்டியதும் மகள் வந்தாள். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கையில் அவளுடைய உம்மாவின் ஹெல்மட். அலுமாரிக்கு மேலிருந்து எடுத்துத் தூசி துடைத்திருந்தாள். உள் பஞ்சில் ஒரு ஊசி குத்தியிருந்தது. முக்காட்டைக் கழற்றிக் கட்டும்போது அவள் உம்மா ஊசிகளை அதில்தான் குத்தி வைப்பாள்.

“நான் ஒண்டும் சொல்ல மாட்டன் வாப்பா” என்றாள். “போகத்தான் வேணுமெண்டா போங்க. ஒங்கட உடுப்பெல்லாம் நான் மடிச்சித் தாறன். உம்மாட ஹெல்மட்ட மட்டும் அவங்களுக்குக் குடுக்காதீங்க.”

“யாருக்கு?”

“வாறவங்களுக்கு.”

“யாரும் வரல்ல மகள். பாஸ் கேட்டாரு, ஒரு ஆளா ரெண்டு பேரா எண்டு. வாயில வந்திட்டு.”

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் ஹெல்மட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். உம்மா போன அன்றுகூட இப்படி அழவில்லை. அன்றைக்கு வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எந்தக் காரியத்துக்கு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவனுக்கு, இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் குந்தினேன். அவள் ஹெல்மட்டைத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலையில் பைக்கைப் பாஸிடம் கொண்டுபோனேன்.

“என்ன சேர், கலியாணம் குழம்பிட்டா?”

“வில்லக் குறைச்சி விடுங்க.”

“எத்தினை பேருக்கு?”

கேட்ட பிறகுதான் அவருக்கும் புரிந்தது போலிருக்கிறது. ஸ்பனரைப் பழந்துணியில் துடைக்கத் தொடங்கினார். மரணப் பதிவில் நான் எழுதியிருக்கிறேன், வங்கியில் ஒப்பமிட்டிருக்கிறேன், நான் இனித் தனி ஆள் என்பதை எங்கேயும் வாயால் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

“ஒரு ஆளுக்கு” என்றேன்.

அவர் குனிந்து இளக்கினார். அதிக நேரம் ஆகவில்லை.

அப்படியே தெற்கே, கோமாரிப் பக்கம் ஓட்டினேன். பைக் பஞ்சு போலப் போனது. கைப்பிடியைச் சற்றே திருகினால் பாய்ந்தது. திருக்கோவில் கழிந்தது. வீடுகள் குறைந்தன. பாலம் வந்ததும் நிறுத்தினேன். ஒருவர் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, மறுபடி ஏறி இருக்கும் நேரம் வரைக்கும் நின்றேன். அதற்குப் பிறகும் நின்றேன், தோளில் தட்டு விழவில்லை. பின்னால் பொத்துவில் பஸ் வந்து ஹோன் அடித்தது. பைக்கை ஓரமாக்கி அதற்கு வழிவிட்டேன்.