பூண்டுராசாவின் வாய்

பழனிசெட்டிபட்டியில் தையல் கடை வைத்திருக்கும் சந்தனம்மாளின் வகையறாவே வஞ்சம் மறக்காத வகையறா. கூடலூரில் வாக்கப்பட்ட அவளுடைய பெரிய அத்தை, பந்தியில் தம்பி பெண்டாட்டி தனக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் தாண்டிப் போனாள் என்று பத்தொன்பது வருஷம் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. சின்னத் தாத்தா இன்னும் ஒரு படி மேலே. வரப்புத் தகராறில் பங்காளியோடு பேச்சை நிறுத்தியவர், அந்தப் பங்காளி செத்துக் கிடந்தபோது எழவு வீட்டுக்குள் போகாமல் தெருவில் தனியாக நின்று அழுதுவிட்டு வந்தார். சந்தனம்மாளுக்கும் அதே ரத்தம்தான். ஆனால் நாற்பத்தேழு வயது வரைக்கும் யார்மேலும் வஞ்சம் வைக்கும்படி அவளுக்கு நேரவில்லை. நேர்ந்தது ஒரு பொம்மையால்.

பொம்மையின் பெயர் பூண்டுராசா. வெளுத்த முகம், பூண்டு மாதிரி உச்சியில் கூம்பிய தலை, காதுவரைக்கும் போகிற வாய். அவனை ஆட்டியவர் வடுகபட்டி ராக்கப்பன். பூண்டு மண்டியில் கோணி ஊசியால் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த மனிதர். பொம்மைக்குள் கையை விட்டு, பெருவிரலைக் கீழ்த்தாடையிலும் மற்ற நான்கு விரல்களை மேல்தாடையிலும் கொடுத்தால் போதும், பூண்டுராசா எழுந்து உட்கார்ந்துவிடுவான். பெரியகுளத்திலிருந்து கம்பம் வரைக்கும் அவன் பேசாத பள்ளிக்கூடம் குறைவு. ஆட்டம் முடியும்போது பெரிதாக ஒரு கொட்டாவி விடுவான். ராக்கப்பன் அவனைத் தோளில் சாய்த்து, துண்டைப் போர்த்தி, முதுகைத் தட்டிக்கொண்டே வெளியே நடப்பார். அவன் பைக்குள் போவதை எந்தப் பிள்ளையும் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்பது ராக்கப்பனின் கட்டளை.

சந்தனம்மாள் பிறந்ததும் வடுகபட்டிதான். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அவளுக்குத் திக்குவாய். வாத்தியார் கேள்வி கேட்டால் தெரிந்த பதிலைக்கூடத் தெரியாது என்று தலையாட்டி, அடியை வாங்கிக்கொள்வாள். ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் பூண்டுராசா அவள் பக்கம் திரும்பிவிட்டான்.

"உம் பேரென்னத்தா?"

"ச... ச... ச..."

வகுப்பே சிரித்தது. பூண்டுராசா அவர்களைப் பார்த்தான்.

"ஏலே, சும்மா இருங்கடா. பேரு பெருசு. பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கு, எறங்க வேணாமா?"

சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடியே அசையாமல் காத்திருந்தான். கடைசியில் பெயர் இறங்கியது.

"சந்தனம்மாளா? இம்புட்டு மணக்குற பேருக்கு இன்னுங் கொஞ்ச நேரங்கூட நிப்பேன் தாயி."

அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு போனாள். தையல் பழகியதும் முதலில் தைத்தது பூண்டுராசாவுக்கு ஒரு பச்சைச் சட்டை. கல்யாணமாகிப் பழனிசெட்டிபட்டிக்கு வந்த பிறகும் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு உடுப்பு கொண்டுபோய்க் கொடுப்பாள். ராக்கப்பன் அவளுக்குச் சொந்தமில்லை. ஆனாலும் மாமா என்றுதான் கூப்பிடுவாள், சொந்தத் தாய்மாமன்களைக் கூப்பிடுவதைவிட வாய் நிறைய.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ராக்கப்பனுக்குப் பக்கவாதம் வந்து, பொம்மை ஆட்டுகிற வலது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவருடைய அக்கா மகன் சுரேஷ்கண்ணன், பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று பொம்மையை எடுத்துக்கொண்டு போனான். மறுமாதமே அதை வைத்து மேடை ஏறினான். திருப்பிக் கேட்டபோது, "கை விழுந்தவருக்குப் பொம்மை எதுக்கு மாமா? பேசாம டிவி பாருங்க" என்றுவிட்டான். ராக்கப்பன் அதற்குப் பிறகு கேட்கவில்லை. சந்தனம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் குடும்பத்து விஷயம் என்று அடக்கிக்கொண்டாள்.

அடக்க முடியாமல் போனது பிப்ரவரியில். கடைக்குப் பக்கத்துப் பள்ளியில் ஆண்டு விழா. தைத்த நாட்டிய உடுப்புகளைக் கொடுக்கப் போனவள், பூண்டுராசாவைப் பார்க்கலாமே என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். சுரேஷ்கண்ணன் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை மேடைக்கு ஏற்றிப் பெயர் கேட்டான்.

"அ... அ... அனு..."

"அ... அ... அ... என்னடி, ஆடு கத்துற மாதிரி கத்துற?" என்றான் பூண்டுராசா. கூட்டம் சிரித்தது. பெற்றவர்களும் சிரித்தார்கள். அனுஷ்கா என்ற அந்தப் பிள்ளை அழாமல், பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது. அழாமல் நின்றதுதான் சந்தனம்மாளுக்குப் பொறுக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவன் பிள்ளைகளுக்கு முன்பாகவே பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துப் பைக்குள் திணித்தான்.

அதே வாய். தனக்காகத் திறந்தபடி காத்திருந்த அதே வாய். இனி அது அவன் கைக்குத் திறக்கக் கூடாது என்று சந்தனம்மாள் அங்கேயே முடிவு கட்டினாள். அதன்பிறகு சுரேஷ்கண்ணனைக் கடைவீதியில் பார்க்கும்போதெல்லாம், நல்லாயிருக்கீங்களா தம்பி என்று சிரித்தாள். ஒன்பது மாதம் சிரித்தாள்.

நவம்பரில் அவனே கடைக்கு வந்தான்.

"அக்கா, தேனியில குழந்தைகள் தின விழா. வியாபாரிக எல்லாரும் வர்றாக. எனக்கு நீலக் கோட்டு எடுத்திருக்கேன். அதே மாதிரி இவனுக்கும் ஒண்ணு தைக்கணும்."

"பொ... பொம்மையை விட்டுட்டுப் போங்க தம்பி. அளவு பாக்கணும்ல."

"அன்னிக்குக் காலையில வந்து வாங்கிக்கிறேன்."

"வாங்க. ஒரு காப்பி சாப்பிடுறீகளா?"

கோட்டை அவள் குறையில்லாமல்தான் தைத்தாள். பித்தளைப் பொத்தான், பையில் சிவப்புத் துணி எல்லாம் வைத்தாள். தைத்து முடித்துவிட்டு, ராக்கப்பன் எப்போதோ கொடுத்திருந்த கோணி ஊசியை எடுத்தாள். பொம்மையை மடியில் போட்டு, உள்பக்கமாக, கீழ்த்தாடையில் பெருவிரல் போகிற இடத்தைச் சணல் நூலால் நெருக்கி நெருக்கித் தைத்தாள். மேல்தாடையோடு சேர்த்து இரண்டு சுற்று, அதற்குமேல் ஒரு முடிச்சு. வெளியே இருந்து பார்த்தால் ஒரு நூல்கூடத் தெரியாது. சாக்குத் தையல், ஆள் ஏறி மிதித்தாலும் பிரியாது.

விழா நாளில் வேனை நிறுத்திவிட்டு ஓடிவந்து அவன் பொம்மையை வாங்கினான்.

"மேடையில போயி கைய விடுங்க தம்பி. வழியிலேயே கைய விட்டா கோட்டு கசங்கிரும்."

"சரிக்கா." ஒத்திகை பார்க்கிற பழக்கம் அவனுக்கு என்றைக்கும் கிடையாது. அது அவளுக்குத் தெரியும்.

அவள் கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே பஸ் ஏறினாள். மண்டபத்தில் இந்த முறை முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

சுரேஷ்கண்ணன் மைக் முன்னால் நின்று பொம்மைக்குள் கையை விட்டான். அவன் முகம் மாறியதை அவள் அல்வாத் துண்டு போல மென்று ரசித்தாள். பெருவிரல் இடம் தேடியது. பொம்மையின் கழுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புடைத்தது.

"பூண்டுராசா, வணக்கம் சொல்லு" என்று பிள்ளைகள் கத்தின.

வாயை மூடியபடியே பூண்டுராசா வணக்கம் சொன்னான்.

"அண்ணே, நீங்கதான பேசுறீக. உங்க வாய் ஆடுது" என்றது முன்னால் இருந்த ஒரு பிள்ளை. மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அவனுக்கு நெற்றி வியர்த்தது. கையை முறுக்கினான், குத்தினான். கடைசியில் ஆத்திரத்தில் இடது கையால் பூண்டுராசாவின் மண்டையில் ஓங்கி ஒரு அடி வைத்தான்.

சிரிப்பு நின்றது. ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு. விழா நடத்திய பெரியவர் ஒருவர் எழுந்து, "தம்பி, எறங்குங்க" என்றார், மெதுவாகத்தான். அவன் பொம்மையைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டு இறங்கிப் போனான். பின்பக்கம் வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது.

சந்தனம்மாள் மேடை ஏறினாள். பூண்டுராசாவைத் தோளில் சாய்த்து முந்தானையால் போர்த்தினாள். முதுகைத் தட்டிக்கொண்டே நடுவழியாக நடந்து, நேரே வடுகபட்டி பஸ்ஸில் ஏறினாள்.

ராக்கப்பன் எல்லாவற்றையும் கேட்டார். கட்டிலில் கிடந்த பொம்மையின் வாயை இடது கையால் தடவிப் பார்த்தார்.

"பிள்ளைக அழுதுச்சாத்தா?"

"மூ... மூணு பிள்ளைக."

"அவன் வாயைத் தச்சிருக்கலாம்ல. இவன் வாயை ஏன் தச்ச?"

அவளுக்கு அந்த மூன்று பிள்ளைகளை நினைத்தால் மட்டும் உறுத்தியது. அவனை நினைத்தால் ஒன்றும் உறுத்தவில்லை. ராக்கப்பன் தையலை இன்னொரு முறை தடவினார்.

"நல்லாத்தான் தச்சிருக்க. மண்டியில கூட இப்படித் தைக்க ஆள் கிடையாது. பிரி." அவள் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியதும், "அந்தப் பிப்ரவரிப் பிள்ளை எந்தத் தெரு?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே இடது கைப் பெருவிரலை மடக்கி மடக்கி நீட்டினார்.

மறுநாள் காலை சுரேஷ்கண்ணன் கடை வாசலில் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

"நீங்கதான் தச்சீகளா? பொம்மை எங்க?"

சந்தனம்மாள் மிஷினை நிறுத்தினாள். கோபம் வந்தால் அவளுக்கு இன்றைக்கும் நாக்கு இன்னும் அதிகமாகக் கட்டும்.

"த... த... த..."

"சொல்லித் தொலைங்கக்கா, சீக்கிரம்."

தைத்த துணியை வாங்க வந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவசரப்படவில்லை. ஆள்காட்டி விரலைத் தூக்கி அவனை நிற்கச் சொன்னாள். அவனும் நின்றான், எல்லோரும் பார்க்க, வெயிலில்.

"இரு தம்பி. ப... பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு, ஒவ்வொரு எழுத்தாக, அவசரமே இல்லாமல், தரமாட்டேன் என்ற சொல்லை அவள் இறக்கி முடிக்கும்வரை அவன் நிற்க வேண்டியிருந்தது.