கயிற்றை எடுத்துவிட்டார்கள்

என் மனைவி ஐயம்பேட்டைக்குப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. அப்படிப் போயிருந்தால் நாலு பெரியவர்கள் கூடிப் பேசி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ முடித்திருப்பார்கள். ஊருக்கு வெளியே செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. கம்பெனி பஸ் அவள் அம்மா வீட்டுத் தெருமுனையில் நிற்கிறது, எங்கள் சின்ன காஞ்சிபுரத்துக்கு வருவதில்லை. காலை ஷிப்ட் வரும் வாரம் மட்டும் அங்கே தங்கினாள். பிறகு எல்லா வாரமும் தங்கினாள். துணிமணி ஒவ்வொரு பையாகப் போனது. எந்தப் பையோடு அவள் முழுசாகப் போனாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எங்களுக்குள் மிச்சம் இருந்தது ஒரு விளையாட்டு. கேட்டால் சிரிப்பீர்கள். போனில் ஆடும் ஆன்லைன் ஆட்டம். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், நடுவில் காடு. எதிரியின் கோட்டையை முதலில் இடிக்கிறவர்கள் ஜெயிப்பார்கள். கல்யாணமான புதிதில் அவள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் அங்கிருந்தும் நான் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தும் ஒரே அணியில் ஆடுவோம். பேசிக்கொள்ள மாட்டோம். அவள் அம்மா பக்கத்திலேயே இருப்பதால் மைக்கை அணைத்து வைத்திருப்பாள். 'வாங்க', 'இருங்க' என்று தட்டுவதோடு சரி. ஆனாலும் அந்த நேரம் முழுக்க அவள் என் கண்முன் நடமாடிக்கொண்டிருப்பாள். அதுவும் நின்றுபோனால் எங்கள் கல்யாணத்தில் வேறொன்றும் பாக்கி இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆட்டத்தில் அவள் தூரத்தில் நின்று சுடுகிற ஆள். ஆரம்பத்தில் பூஞ்சை உடம்பு, ரெண்டு அடி வாங்கினால் விழுந்துவிடும். காப்பாற்றி வளர்த்துவிட்டால் கடைசியில் அவளை யாராலும் பிடிக்க முடியாது. நான் துணை ஆள், சப்போர்ட் என்பார்கள். கூடவே நடப்பது, அவளுக்கு விழும் அடியை வாங்குவது, காயத்தை ஆற்றுவது என் வேலை. ஜெயித்தால் அவள் சுட்டாள் என்பார்கள், தோற்றால் சப்போர்ட் சரியில்லை என்பார்கள். அதில் எனக்கு வருத்தமே இருந்ததில்லை.

தறியில் இது நேர்மாறு. நான் தறிக் குழியில் உட்கார்ந்து நெய்வேன், அவள் வலது பக்கம் உட்கார்ந்து கரைக்கு நூல் கொண்டுபோகும் நாடாக் கட்டையைப் போடுவாள். எங்கள் ஊர்ச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ரெண்டையும் ஒவ்வொரு இழையாகப் பின்னிச் சேர்ப்பதைக் கோர்வை என்கிறோம். அதற்கு ரெண்டு ஆள் வேண்டும், அவள் போனபிறகு கோர்வை இல்லாத சேலைதான் நெய்கிறேன். பக்கத்தில் உட்காருகிறவருக்கு ஒரே ஒரு சட்டம்தான்: நெய்கிறவரின் நாடா வந்து சேரும்வரை கை நீட்டக்கூடாது. முந்தினால் கோர்வை கெட்டது. அவள் ஒருநாளும் முந்தியதில்லை. ஆட்டத்தில் பக்கத்து ஆளாக இருக்கும் முறை எனக்கு வந்தபோது, யாரும் சொல்லாமலே நானும் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் முதலில் போவாள், நான் பின்னால் போவேன்.

அதற்குத் தோதாக ஒரு பொருளும் இருந்தது. ஆட்டத்துக்குள் கிடைக்கிற தங்கத்தைக் கொடுத்து ஆறு பொருள் வாங்கிக்கொள்ளலாம். யார் என்ன வாங்குகிறார்கள் என்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. நான் எப்போதும் முதலில் வாங்குவது கயிறு. அதன் இங்கிலீஷ் பேர் வாயில் நுழையாது, கயிறு என்று அவள் வைத்த பேர்தான். வாங்கி ஒரே ஒரு ஆள் மீது போட்டுவிட்டால் ரெண்டு பேருக்கும் நடுவில் மஞ்சளாக ஒரு கோடு தெரியும். அவள் மீது விழும் அடியில் பாதி எனக்கு வந்துவிடும். எதையும் அழுத்த வேண்டாம், எதையும் முன்கூட்டி யோசிக்க வேண்டாம். பக்கத்தில் இருந்தாலே போதும். என்னைப் போன்ற ஆளுக்காகவே யாரோ உட்கார்ந்து செய்த பொருள் அது.

அந்தக் கயிற்றைத்தான் அப்டேட் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள்.

எந்த ஊரிலோ ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிற நாலு பேர் முடிவு செய்கிறார்கள், வியாழக்கிழமை காலையில் என் போன் ஏதோ இறக்கிக்கொண்டே இருக்கிறது, முடித்துப் பார்த்தால் ஆட்டத்துக் கடையில் கயிறு இருந்த இடத்தில் அடிக்கிற மணி ஒன்று இருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைக் குழிக்குள் வீசியிருப்பேன். தறியில் பூட்டிய பாவு நூல் கெட்டுவிடுமே என்று விட்டேன்.

அன்று அவளே கூப்பிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டேன். பஸ்ஸில் போகும்போதே மாறியது எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தாள். மணியை அழுத்தினால் பக்கத்தில் நிற்கிற எல்லாருக்கும் கொஞ்ச நேரம் கவசம் கிடைக்குமாம். ஆனால் சண்டை தொடங்கிய பிறகு அழுத்தினால் பிரயோஜனம் இல்லையாம்.

"இனிமே நான் போறதுக்கு முன்னாடி நீங்க போவணும்" என்றாள்.

"நீ எப்போ போவேன்னு தெரிஞ்சாத்தானே நான் போவ முடியும்?"

"அத நீங்கதான் பாத்துக்கினு இருக்கணும்" என்றாள். பஸ் நின்றது போலிருக்கிறது, வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது புரியாமல் இல்லை. ஆனால் நான் மணி வாங்கவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். கயிறு இல்லாவிட்டால் கயிறு மாதிரி இன்னொன்று இல்லாமலா போகும் என்று தேடினேன். முதல் ஞாயிறு காயம் ஆற்றும் பொருளாக வாங்கி அடுக்கினேன். நான் ஆற்றுவதற்குள் அவள் செத்துப்போனாள். செத்த ஆளுக்கு ஆற்றுவதற்கு என்ன இருக்கிறது? அடுத்த வாரம் என் உடம்புக்குக் கவசமாக வாங்கினேன். நான் பாறை மாதிரி நின்றேன், அடிக்க வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போய் அவளை அடித்தார்கள். அணியில் சேர்ந்திருந்த முகம் தெரியாத ஒருவன் தெலுங்கில் என் வம்சத்தையே திட்டினான். எங்கள் தெருவில் பாதி வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள் என்பதால் ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. அவன் சொன்னதில் தப்பும் இல்லை.

அதற்கப்புறம் மணியை வாங்கினேன். வாங்கி என்ன செய்ய? அவள் கால் எடுத்து வைத்தால்தான் என் விரல் அசைந்தது. அவள் உள்ளே போவாள், அடி விழும், அவள் விழுவாள், அதற்குப் பிறகு என் மணி அடிக்கும். பக்கத்தில் யாருமில்லாத இடத்தில் கவசம் பளபளவென்று எனக்கு மட்டும் விழும். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்கிற மாதிரி, நான் நல்ல சப்போர்ட் என்று அவள் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தது வெளுத்துவிட்டது. கயிறுதான் நல்ல சப்போர்ட், நான் அதைக் கட்டிக்கொண்டு நின்றவன் அவ்வளவுதான்.

ஆட்டத்தில் நாங்கள் ஏறி வைத்திருந்த தரம் மளமளவென்று இறங்கியது. ஒரு ஞாயிறு அவள் வரவில்லை, தூங்கிவிட்டேன் என்று மறுநாள் செய்தி போட்டாள். அதற்கடுத்த ஞாயிறு ஒரே ஒரு ஆட்டத்தோடு போய்விட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. நேரில் போய்ப் பேசலாம் என்று ஒருநாள் தறியை நிறுத்திவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டைக்குப் போனேன். அவள் அம்மா வாசலில் நின்று வாங்க மாப்ளே என்றார்கள். குறை சொல்ல முடியாது, காபி கொடுத்தார்கள், தறி ஓடுகிறதா என்று கேட்டார்கள். ஷிப்ட் முடித்து வந்து இப்போதுதான் படுத்தாள், எழுப்பட்டுமா என்றார்கள். வேண்டாம், தூங்கட்டும் என்றேன். உள் அறைக் கதவு லேசாகச் சாத்தியிருந்தது. ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. அவளாக எழுந்து வருவாள் என்று காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து வந்துவிட்டேன். மாமியார் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு என்மீதே எரிச்சல். பேசத்தான் வக்கில்லை, ஆட்டத்தையாவது சரி செய்யலாம் என்று தோன்றியது. ஒரு வாரம் பகலில் சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் கம்ப்யூட்டரே ஆட்டிவைக்கும் ஆட்களோடு ஆடிப் பழகினேன். புதரில் அசைவு தெரிந்ததுமே உள்ளே போ, மணியை அடி, யாருக்காகவும் காத்திருக்காதே என்று எனக்கு நானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். முதலில் கை வரவில்லை. விரல் மணிக்கு மேலே நின்றுகொண்டு யாருக்கோ காத்திருக்கும். பக்கத்துத் தறிக்காரர் எட்டிப்பார்த்து, இன்னாபா தனியா பேசிக்கினு இருக்கே என்றார். சனிக்கிழமை கை வந்துவிட்டது. அன்றைக்குச் சோறு ருசியாக இருந்தது. எனக்கு வெட்கமில்லாமல் நம்பிக்கை வந்துவிட்டது, உண்மையைச் சொல்வதற்கென்ன.

ஞாயிறு வந்தாள். ஆட்டம் தொடங்கியது. முதல் சண்டையிலேயே நான் யாரையும் பார்க்காமல் உள்ளே போனேன், மணியை அடித்தேன், கூட இருந்த மூன்று பேர் மீதும் கவசம் விழுந்தது, எதிரிகள் சிதறினார்கள். முகம் தெரியாத மூவரும் சபாஷ் போட்டார்கள். அவளைத் தேடினேன். அவள் அங்கே இல்லை. வரைபடத்தின் மறுகோடியில் ஒற்றையாக நின்று சுட்டுக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டேன், வரவில்லை. சரி, அடுத்த சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். அதற்கும் வரவில்லை. ஒருமுறை எதிரிகள் ரெண்டு பேர் அவளைச் சூழ்ந்துகொண்டதைப் பார்த்து நான் ஓடினேன், தூரம் அதிகம். பாதி வழியில் அவள் உடம்பில் வெள்ளையாக ஒரு வெளிச்சம் வந்தது. அடி எதுவும் அவள் மேல் படவில்லை. நின்ற இடத்திலேயே ரெண்டு பேரையும் சுட்டுத் தள்ளினாள். நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே வேலை ஒன்றும் இல்லை.

ஜெயித்தோம். மாதக்கணக்கில் நாங்கள் இப்படி ஜெயித்ததில்லை. முடிவில் வரும் பக்கத்தில் யார் யார் என்ன வாங்கினார்கள் என்று காட்டும். அவளுடையதைப் பார்த்தேன். இந்த அப்டேட்டில் சுடுகிற ஆளுக்கென்றே புதிதாக ஒன்று விட்டிருந்தார்கள், தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் பொருள். அதை வாங்கினால் சுடுகிற வேகம் குறையும், அதனால் பலரும் கடைசியில்தான் வாங்குவார்கள். அவள் ஆட்டம் தொடங்கியதும் முதல் பொருளாக அதை வாங்கியிருந்தாள். நான் எப்படி ஆடப்போகிறேன் என்று பார்ப்பதற்கு முன்னாலேயே வாங்கிவிட்டாள்.

பிறகு தட்டினாள். "நல்லா ஆடுறீங்க இப்போ." கொஞ்ச நேரம் கழித்து, "ஞாயித்துக்கிழமையும் கம்பெனி இருக்குது இனிமே. எனக்காவ காத்துக்கினு இருக்காதீங்க."

ஓவர்டைம் எத்தனை வாரம் என்று கேட்கத்தான் தட்டத் தொடங்கினேன். அதை அழித்துவிட்டு, நீ வீட்டுக்கு வா என்று தட்டினேன். ஒரு வருஷமாகச் சொல்லியிருக்க வேண்டியது அதுதான், எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டி அனுப்பப் பார்த்தால் அவள் படம் மங்கியிருந்தது. அணியை விட்டுப் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது. தெருவில் கோயிலுக்கு வந்த சென்னைக் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன, அதனால் யாருக்கும் கேட்டிருக்காது.

மறுபடி ஆடலாமா என்று திரை கேட்டது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் ஆமாம் என்று அழுத்தினேன். எந்த ஊரோ, ஆணோ பெண்ணோ தெரியாத ஒரு ஆளை என்னோடு சேர்த்துவிட்டது. பூஞ்சை உடம்போடு சுடுகிற ஆள். நான் முதலில் மணியை வாங்கினேன். எல்லாச் சண்டைக்கும் முன்னால் போனேன். அந்த ஆளை நான் ஒருதடவைகூடச் சாகவிடவில்லை.