இடதுபக்கத் திரை

அச்சகத்தில் அவருக்கு வைத்த பெயர் கமா. கையெழுத்துப் பிரதியை வாய்விட்டு வாசிப்பது அவர் வேலை. எதிரே உட்கார்ந்து, காதால் கேட்டபடியே அச்சுத்தாளில் பிழை பார்ப்பது இன்னொருவர் வேலை. அந்த இன்னொருவரைத்தான் நான்காம் வருஷம் கல்யாணம் செய்துகொண்டார். புள்ளி, கமா, அடைப்புக்குறி என எதையும் விழுங்காமல் வாசிப்பார். "கமா வர்றாரு, எல்லாரும் கொஞ்சம் நிறுத்தி மூச்சு விடுங்கப்பா" என்று எழுத்துக் கோப்பவர்கள் கேலி செய்வார்கள். முப்பத்தொரு வருஷமும் ஏழு மாதமும் அப்படியே போயின.

அச்சகத்தை மூடிய பிறகு, பழைய மருத்துவமனைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை மனைவிக்குக் கிடைத்தது. தாள்கள் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும். பின்னறையில் அவர் வாசிப்பார், அவள் தட்டுவாள். முடிந்த பக்கங்களை நாள்வாரியாக நோட்டில் எழுதி வைத்தார். ஒன்பது வருஷத்தில் 61,408 பக்கம்.

ஒரு செவ்வாய்க்கிழமை வேலை தரும் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. இனித் தாள் வராது. பக்கங்களின் படம் மட்டும் வரும். வேலை செய்பவரிடம் இரண்டு திரைகள் இருக்க வேண்டும், ஒன்றில் படம், ஒன்றில் தட்டச்சு. நோயாளிகளின் விவரம் என்பதால் அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, எதையும் வாய்விட்டு வாசிக்கவும் கூடாது. அடுத்த திங்கள் காலை பதினொரு மணிக்குச் சோதனை. தேறாதவர்களுக்கு வேலை இல்லை.

அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"என்னங்க, இதுல உங்களப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்லையே."

"எப்ப இருந்துச்சு? வேலை உன் பேர்லதானே."

"அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

"திரையை மாட்டிக் குடுக்கிறேன்" என்றார்.

வேறு வழியும் இல்லை. அவளுக்கு மென்பொருள் என்றால் ஆகாது. வீட்டில் ஓடிய ஒரே சக்கரம் அந்த வேலைதான். அது நின்றால் இருவரும் சும்மா உட்கார வேண்டியதுதான். திரையை மாட்டினால் அவர் ஒருவர் மட்டும் சும்மா உட்காருவார். கணக்கு அவருக்குத் தெளிவாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை பழைய பொருள் கடையிலிருந்து பத்தொன்பது அங்குலத் திரை ஒன்று வாங்கி வந்தார். தாங்கியில் ஒரு கீறல், மற்றபடி சுத்தம். கணினியில் இருந்தது லினக்ஸ். கிழட்டு மெஷினுக்கு இதுதான் தாங்கும் என்று மச்சினன் முன்பு போட்டுக் கொடுத்தது. கேபிளைச் செருகினார். சிக்னல் இல்லை என்று திரை ஒருமுறை சொல்லிவிட்டுக் கறுத்துப் போனது. கேபிளின் இரு பக்கத் திருகாணிகளையும் இறுக்கினார். மறுபடி கறுப்பு. இது வராமலே போகட்டும் என்று ஒரு நொடி நினைத்தார். நினைத்ததற்கு வெட்கப்பட்டு, கேபிளைக் கழற்றிப் பார்த்தார். ஒரு ஊசி வளைந்திருந்தது. மனைவியின் புருவம் திருத்தும் இடுக்கியால் நிமிர்த்திச் செருகியதும் படம் வந்தது. ஆனால் இரண்டிலும் ஒரே படம். மச்சினனுக்குப் போன் போட்டார்.

"அத்தான், ரெண்டுலயும் ஒண்ணே தெரியுதா?"

"அச்சு அசலா. ரெட்டப் பிள்ளைங்க மாதிரி."

"டிஸ்ப்ளேன்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுக்குள்ள போய் எக்ஸ்டெண்ட் குடுங்க. ரெட்டைங்க தனித்தனியாப் போயிடும்."

பிரிந்தது. ஆனால் வேறு வம்பு வந்தது. புதுத் திரையை அவர் மேசையின் இடதுபக்கம் வைத்திருந்தார். மூலம் இடது, படி வலது. அச்சக மேசையில் மாறாத ஒழுங்கு அது. கணினியோ புதுத் திரை வலதுபக்கம் இருப்பதாகவே நினைத்தது. மவுஸை இடதுபக்கம் தள்ளினால் விளிம்பில் முட்டி நின்றது. வலதுபக்கம் தள்ளினால் இடதுதிரையில் போய் எட்டிப் பார்த்தது.

"இதுக்கு உங்க புத்திதாங்க. முன்னால போன்னா பின்னால போகுது" என்றாள் மனைவி.

அமைப்புப் பக்கத்தில் திரைக்கு அடையாளமாக இருந்த கட்டத்தை இழுத்து இடதுபக்கம் வைத்து அழுத்தினார். இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா என்று ஒரு கேள்வி எழுந்தது. பதிலுக்குப் பத்து நொடி அவகாசம். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கேள்வியை முதலிலிருந்து நிதானமாக வாசித்தார். கமாவைச் சொன்னார், கேள்விக்குறியையும் சொன்னார். அதற்குள் பத்து நொடி தீர்ந்து எல்லாம் பழையபடி போய்விட்டது. மூன்று முறை அப்படியே ஆயிற்று. நான்காவது முறை அவள் குறுக்கே கையை நீட்டி ஆம் என்பதை அழுத்தினாள்.

"படிக்கிற நேரமா இது? வீடு பத்திக்கிட்டா கூட நோட்டீஸ் முழுக்கப் படிச்சிட்டுத்தான் வெளிய வருவீங்க."

அவரும் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அவ்வளவுதான்.

ஞாயிறு மதியம் பழக்கத்துக்கென்று நிறுவனம் அனுப்பிய மாதிரிப் படங்களை அவள் திறந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்பு அவர்கள் இருவரும் முடித்த பக்கங்கள்தான் அவை. இடதுதிரையில் மூலம், வலதுதிரையில் அன்று அவள் அடித்தது. ஏழாம் வரியில் அவள் கை நின்றது.

"என்னங்க, இங்க ஜூன் முப்பத்தொண்ணுன்னு இருக்கு. நான் முப்பதுன்னு அடிச்சிருக்கேன்."

"ஜூன்ல ஏதும்மா முப்பத்தொண்ணு? எழுதினவன் தூங்கியிருக்கான்."

"தூங்கட்டும். இருக்கிறபடி அடிக்கணும்னுதானே சொல்லியிருக்காங்க. நீங்க முப்பதுன்னு வாசிச்சிருக்கீங்க."

அவர் குனிந்து பார்த்தார். மையில் தெளிவாக இருந்தது, 31. முப்பது என்று மாற்றி வாசித்த நினைவே அவருக்கு இல்லை. அச்சகத்தில் ஆசிரியர் தூங்கிய இடத்தில் தாம் விழிப்பது அவருக்குப் பெருமையாக இருந்தது. பழகப் பழக வாய் தானாகவே திருத்தியது. இரண்டு பக்கம் தள்ளி ஒரு பெண்ணின் வயது 4 என்றும், பிரசவ வார்டு என்றும் இருந்தது. அவள் அடித்திருந்தது 24.

"இதுவும் நான்தானா?"

"நான் கேட்டதத்தாங்க அடிச்சேன்" என்றாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் அவரைக் குத்தியது.

பிழைகளுக்கென்று அவர் தனி நோட்டு வைத்திருந்தார். ஒன்பது வருஷத்தில் நிறுவனம் சுட்டிக்காட்டிய பிழைகள் 212. அத்தனைக்கும் நேராகக் 'கை' என்று எழுதியிருந்தார், அவள் கை. 'வாய்' என்று ஒன்றுகூட இல்லை. நிறுவனத்தின் கண்ணுக்குத் தப்பியவை 61,408 பக்கத்தில் எத்தனை என்று இனி யாராலும் எண்ண முடியாது, தாள்கள் திரும்பிப் போய்விட்டன. நோட்டைப் பழைய துணிகளுக்கு அடியில் வைத்தார்.

திங்கள் பதினொரு மணிக்குப் பின்னறைக் கதவு சாத்தப்பட்டது. ஒன்றே காலுக்கு அவள் வெளியே வந்தாள். நாற்பது பக்கம், பிழை இல்லை. இருவரும் சேர்ந்து ஒருநாளும் அவ்வளவு வேகமாக முடித்ததில்லை. அவள் அதைச் சொல்லவில்லை. தேறிட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

ஒரு குறை மிச்சம் இருந்தது. கணினியை அணைத்துப் போட்டால் திரைகள் பழையபடி இடம் மாறிக்கொண்டன. மச்சினன் ஒரு வரிக் கட்டளையைப் போனில் அனுப்பியிருந்தான். தொடக்கப் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டால் தொல்லை விட்டது என்றான். அவர் சேர்க்கவில்லை. தினமும் காலை ஒன்பது நாற்பதுக்கு "என்னங்க, இந்தச் சனியன் மறுபடி முட்டிக்கிட்டு நிக்குது" என்று அவள் கூப்பிடுவாள். அவர் போய்க் கட்டத்தை இழுத்து, வாசிக்காமல் ஆம் என்று அழுத்திவிட்டு வருவார். இரண்டு நிமிஷ வேலை. பிறகு கதவு சாத்திக்கொள்ளும்.

பதினோரு நாள் அப்படிப் போயிற்று. தப்பாக இருக்கும் ஒன்றைத் தெரிந்தே விட்டுவைப்பது அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. பன்னிரண்டாம் நாள் வியாழக்கிழமை, அவள் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அந்த வரியை எழுத்தெழுத்தாக அடித்துப் பட்டியலில் சேர்த்தார். அணைத்து மூன்று முறை போட்டுப் பார்த்தார். மூன்று முறையும் திரைகள் சரியாகவே நின்றன.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கே சட்டையை மாற்றிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தார். ஒன்பது நாற்பதுக்கு உள்ளே கணினி விழித்த ஒலி கேட்டது. பிறகு கதவு சாத்தப்பட்டது. விசைகள் ஓடத் தொடங்கின. மதியம் வரை நிற்கவில்லை.

ஒரு மணிக்கு அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு எப்பங்க வந்து சரி பண்ணுனீங்க? நான் கவனிக்கவே இல்ல. குளிக்கப் போனப்பவா?"

"ஆமா" என்றார் அவர்.