தலைகீழாக நின்ற பவளம்

பம்பை நிறுத்திவிட்டு, தண்ணீரின் அசைவு அடங்கும்வரை இரண்டு கைகளும் கண்ணாடித் தொட்டியின் விளிம்பில் காத்திருந்தன. வலது கையில் சிரிஞ்சு. அதற்குள் தயிர்ப் பதத்தில் குழைத்த சுண்ணாம்பு. மிதந்துகொண்டிருந்த கடைசித் துகளும் மணலில் இறங்கிய பிறகு, உறை போட்ட அந்தக் கை மெல்ல நீருக்குள் போனது. பாறைப் பொந்திலிருந்து எட்டிப் பார்த்த பழுப்புப் பூவுக்கு ஒரு விரல் உயரத்தில் ஊசிமுனை நின்றது. தொடவில்லை. பசை நூலாக இறங்கி, பூவின் ஓரத்தில் விழுந்து, தானாக வாய்க்கு வழிந்தது. பூ அதை இரை என்று நம்பி விழுங்கியது.

பூ என்றால் பூவல்ல. கடல் சாமந்தி என்னும் பிராணி. அழகுக்காக வளர்க்கும் வகைகளும் உண்டு, இது களை வகை. பவளம் வளரும் தொட்டியில் ஒன்று நுழைந்தால் போதும், பக்கத்துப் பவளங்களைக் கொட்டிக் கொட்டி வாட்டிவிட்டு அந்த இடத்தில் தான் குடியேறிவிடும்.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரி பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் நட்டு, இளஞ்சிவப்புப் பிசினில் ஈறு வார்ப்பது அவள் வேலை. எங்கும் படித்ததில்லை, பட்டறையில் பக்கத்து மேசையைப் பார்த்துப் பார்த்து, கெடுத்துக் கெடுத்துக் கற்றது. வீட்டுக் கடல்நீர்த் தொட்டியையும் அப்படித்தான் கற்றாள்.

தொட்டியில் இருந்த பெரிய பவளம் அவளுடையதல்ல, அக்காவுடையது. அக்கா பஸ் ஓட்டுகிறாள். கட்டைவிரல் அளவிலிருந்து கிளை கிளையாக அவள் வளர்த்த பவளம் அது. அவள் வீட்டுத் தொட்டியில் விரிசல் விழுந்ததால், புதுத் தொட்டி வரும்வரை தங்கையிடம் விட்டாள். விடும்போதே ஆரம்பித்தாள்.

"உங்கிட்ட குடுத்தது எதாவது முழுசா திரும்பி வந்திருக்கா? குடை, கம்பி இல்லாம வந்துச்சு. சைக்கிள், மணி இல்லாம வந்துச்சு. இது உயிருடி."

"குடையைக் காத்து ஒடச்சுது. நானா ஒடச்சேன்?"

"இங்கயும் ஒரு காத்து வரும், பாத்துக்க."

வந்தது. தொட்டியின் ஒரு மூலை வெறிச்சென்று இருக்கிறதே என்று தங்கை மலிவாக வாங்கி வைத்த கல்லில், பொத்தான் அளவில் ஒரு பூ ஒட்டிக்கொண்டிருந்தது. அழகாயிருக்கிறதே என்று முதலில் மகிழ்ந்தாள். பவளத்தின் ஒரு நுனி சுருங்கிய பிறகுதான் விழித்துக்கொண்டாள். அவள் தொழிலில் தேவையில்லாமல் துருத்துகிற எதற்கும் ஒரே வைத்தியம்தான். கல்லை வெளியே எடுத்து, ஈறு இழைக்கும் சின்ன கிரைண்டரால் பூவை வழவழவென்று இழைத்துத் தள்ளினாள். திருப்தியோடு கல்லைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி, பழைய இடத்தில் வைத்தாள்.

சில வாரங்களில் தொட்டி முழுக்கப் பூ.

"பரவாயில்லையே, தோட்டம் நல்லா பிடிச்சிடுச்சு," என்றான் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கணவன். அவள் முறைத்த முறைப்பில் காயிலுக்கே திரும்பினான்.

வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர் தலையில் கை வைத்தார். "இழைச்சீங்களா? ஒவ்வொரு துணுக்கும் ஒரு பூவாயிடுமேம்மா! நீங்க களை எடுக்கல, விதைச்சிருக்கீங்க." சுண்ணாம்புப் பசையைச் சொன்னதும் அவர்தான். ஒரே நாளில் அள்ளிப் போட்டால் தண்ணீரே கெட்டுவிடும் என்றும் எச்சரித்தார்.

அதிலும் முதலில் தோற்றாள். ஊசிமுனை பட்ட நொடியில் பூ பொந்துக்குள் சுருண்டுகொள்ளும். பசை வெளியே சிதறும். ஒரு காலை, பட்டறையில் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றிக்கொண்டிருந்தபோது சட்டென்று கை நின்றது. அச்சின் நடுவில் யாரும் பிளாஸ்டரைக் கொட்டுவதில்லை, காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். ஓரத்தில் விட்டு, அது தானாக ஓடிப் பள்ளங்களை நிரப்ப விடுவார்கள். அன்று மாலை பசையையும் அப்படி விட்டுப் பார்த்தாள். பூ சுருளவில்லை. விழுங்கியது, வெளுத்தது, கரைந்தது. அதன் பிறகு தினமும் சில பூக்கள். மிஞ்சிய பசையைக் குழாயால் உறிஞ்சி எடுப்பாள். பாறைகள் ஒவ்வொன்றாகச் சுத்தமாயின.

கடைசி ஒன்றுதான் படுத்தியது. பவளத்துக்கு அடியில், கிளை பிரியும் கவட்டில், தரையைப் பார்த்துத் தொங்கியது. பசை கீழே விழுமே தவிர மேலே ஏறாது.

அக்காவிடம் அவள் எதையும் மறைத்திருக்கவில்லை. ஃபோனில் அக்கா கறாராகச் சொன்னாள்: "மாசக் கடைசியில வர்றேன். ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் எடுத்துட்டுப் போகமாட்டேன். என் புதுத் தொட்டியும் நாசமாயிடும்."

"அந்தக் கிளையை மட்டும் ஒடிச்சிரேன்," என்றான் கணவன்.

"ஒடிச்சுக் குடுத்தா அது குடைதாங்க. பவளம் இல்ல."

பல் செட்டைக் கவிழ்த்துப் பார்க்காமல் அவள் ஒருநாளும் வேலை முடித்ததில்லை. பவளத்தை மட்டும் ஏன் நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும்? ஈறு வார்க்கும் பிசினில் கால் வைத்த வளையம் ஒன்று வார்த்தாள். பவளத்தின் அடிக்கல்லை அது கவ்விக்கொள்ள, நுனிகள் எதிலும் படாமல் நீருக்குள் தலைகீழாகத் தொங்கின. இப்போது பூ மேலே பார்த்தது. ஆனால் கோபித்துக்கொண்டு மூடிக்கொண்டது. மீன் இரை கரைத்த நீரைச் சொட்டிவிட்டுக் காத்திருந்தாள். அன்று திறக்கவில்லை. மறுநாள் திறந்தது.

ஒரு சொட்டு கூடினாலும் வழிந்து, கீழே தொங்கும் பவளச் சதையைப் பொசுக்கிவிடும். மூச்சை அடக்கிக்கொண்டாள். நூல் இறங்கியது, வாய் நிறைந்தது, வழியவில்லை.

"முடிஞ்சுது!" என்று அவள் போட்ட சத்தத்தில் காயில் கட்டிக்கொண்டிருந்தவன் சுற்றுக் கணக்கை விட்டான்.

பவளத்தை அதே வளையத்தில் நிமிர்த்தி வைத்து, அந்தக் கவட்டில் தினமும் டார்ச் அடித்துப் பார்த்தாள். பூ திரும்பவில்லை.

மாதக் கடைசியில் அக்கா பூதக்கண்ணாடியோடு வந்தாள். ஒவ்வொரு கிளையின் அடியையும் பார்த்தாள். ஒன்றும் அகப்படாத எரிச்சலில் கேட்டாள்:

"இந்த ரோஸ் வளையம் என்னது?"

"ஈறு."

"யாரோட ஈறுடி?"

"உன் பவளத்துக்குன்னே வார்த்தது. எடுத்துட்டுப் போ, அதுல நல்லா நிக்குது."

அக்காவின் கண்ணாடி ஒரு கிளையின் பக்கத்தில் நின்றது. அங்கே இளம்பச்சையில் ஒரு புது நுனி விரிந்திருந்தது.

"இது நான் குடுக்கும்போது இல்லையே!"

"இல்லதான். குடைக் கம்பிக்கு ஈடு, வெச்சுக்க."

அக்கா சிரித்துவிட்டாள். தங்கை பவளத்தை வளையத்தோடு தூக்கி, கடல்நீர் நிறைந்த வாளியில் அலுங்காமல் இறக்கி, கைப்பிடியை அக்காவிடம் நீட்டினாள். அக்கா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.